துவைக்காத கவுன்

அத்தியாயம் ஐந்து

சில்லறைக்கு ஒரு கெட்ட பழக்கம். எதிரில் யாராவது அழுதால் அவருக்கு ஜோக் வந்துவிடும். வேண்டுமென்று இல்லை, பாவம். தும்மல் மாதிரி, அடக்க அடக்க முந்திக்கொண்டு வரும். பஸ் கண்டக்டராக இருந்த காலம் முழுக்கச் சில்லறை சில்லறை என்று கத்தி அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. ரிட்டயர் ஆன பிறகும் வாய் ரிட்டயர் ஆகவில்லை. வீட்டம்மா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள், பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, எங்கேயாவது வேலைக்குப் போய்த் தொலையுங்கள், புண்ணியமாகப் போகும் என்று துரத்திவிட்டாள்.

அப்படி வந்து சேர்ந்த இடம்தான் இந்தத் துப்பறியும் அலுவலகம். மாடியில் ஓர் அறை, இரண்டு மேஜை, ஒரு ஃபிளாஸ்க். முதலாளி அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அலுத்துப்போய்த் தனிக்கடை போட்டவள். அவர் அவளை பாஸ் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். அவர் பேசுவார், அவள் யோசிப்பாள். இப்படித்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை வந்து உட்கார்ந்த பெண் அழவில்லை. அதனால் சில்லறைக்கு ஜோக்கும் வரவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஊரில் நடந்த எதையோ சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். கண்ணாடிக் கடையில் வேலை. வருகிற ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இந்த எழுத்து தெரியுதா, இது தெரியுதா என்று கேட்டுப் பவர் குறித்துக் கொடுப்பவள்.

அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வரும்போது கையில் குழந்தை இல்லை, அவள் போட்டிருந்த மஞ்சள் கவுன் மட்டும் இருந்தது. குடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்துத் துப்பிய மருந்து அதன் நெஞ்சுப் பக்கம் சிவப்பாகக் கறை பிடித்திருந்தது. அதை அவள் துவைக்கவே இல்லை. ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்தாள். குழந்தையின் வேர்வை, பவுடர், அந்த மருந்து எல்லாம் கலந்த வாசனை அதில் அப்படியே இருந்தது. தாங்கவே முடியாத நாளில் கவரை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து, மூக்கை வைத்துவிட்டு, உடனே மூடிவிடுவாள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொஞ்சம் போய்விடுகிறதே என்ற பயம் வேறு.

அப்போதுதான் போனில் அந்தக் கடை கண்ணில் பட்டது. பிரிந்தவர்களின் உடையை வைத்து அணைத்துக்கொள்ளும்படி பொம்மை தைத்துத் தருகிற ஆன்லைன் கடை. துவைக்காமலே தைத்துத் தருவோம் என்று போட்டிருந்தார்கள். கவருக்குள் பூட்டி வைப்பதைவிடக் கையில் வைத்துக்கொள்ளலாமே என்று கணவரும் சொன்னார். பணம் கட்டினாள், அவர்கள் சொன்னபடி ஆர்டர் நம்பரை மட்டும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துக் கவுனைக் கூரியரில் அனுப்பினாள். 'உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. பொம்மை தயாராகிறது, தயாராகிறது என்று கொஞ்ச நாள் பதில் வந்தது. அப்புறம் கிணற்றில் போட்ட கல்தான்.

"பணம் போனாப் போகட்டும்மா. அதுக்காக நான் வரலை. அந்தக் கவுன் எனக்குத் திரும்பி வேணும். எப்படி அனுப்பினேனோ அப்படியே வேணும்."

விசாரித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டீர்களா என்று பாஸ் மெதுவாகத்தான் கேட்டாள். அதற்குத்தான் அந்தப் பெண்ணின் குரல் முதல் தடவையாக உடைந்தது. எல்லாம் பார்த்தாளாம். இணைய முகவரி பக்கத்தில் பூட்டுக் குறி இருந்தது, பார்த்தாள். வாங்கியவர்கள் எழுதியிருந்ததை உட்கார்ந்து படித்தாள். கடை விலாசம் உண்மையா என்று மேப்பில் தேடினாள். இதே ஊர், இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம், துணிகள் வரிசையாகத் தொங்குகிற கடையே அவர்கள் போட்டிருந்த படத்தில் தெரிந்தது. பொய்க்கடை என்றால் விலாசமும் பொய்யாகத்தானே இருக்கும்?

பதில் நின்றுபோனதும் நேரில் போயிருக்கலாமே என்று சில்லறை கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "போய்க் கேட்டு, அப்படி எதுவும் வரலைன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன் சார்? அதான் போகலை. ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கிறேன், என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சு."

கவுன் கிடைத்தால் கண்ணாடிக் கடைக்கே கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தார்கள். அவள் படியிறங்கிய பிறகுதான் சில்லறை மூச்சு விட்டார். பாஸ் அந்த ஆன்லைன் கடையின் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, வாங்கினவங்க எழுதினதைப் படிங்க."

சில்லறை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். தரமான பொருள், விரைவான டெலிவரி, மிக்க நன்றி. அடுத்ததும் அதே. எல்லோரும் அஞ்சு ஸ்டார். "என்ன பாஸ் இது, ஒருத்தன்கூடக் குறை சொல்லலையே? ஓசிச் சாப்பாட்டுலயே உப்பு கம்மின்னு சொல்ற ஜனமாச்சே நம்ம ஜனம்."

"அது ஒண்ணு. இன்னொண்ணு பாருங்க. இத்தனை பேர் எழுதியிருக்காங்க. செத்துப்போனவங்க உடுப்புல பொம்மை தைச்சு வாங்கினவங்க. அதுல ஒருத்தராவது போனவங்க பேரை எழுதியிருக்காங்களா? எங்க அப்பா, எங்க பாப்பான்னு ஒரு வார்த்தை? பெத்தவ எழுதினா அதைத்தான் முதல்ல எழுதுவா. இதெல்லாம் ஒரே ஆள் மிக்ஸி கடைக்கும் குக்கர் கடைக்கும் எழுதுற எழுத்து."

சில்லறைக்குப் புல்லரித்தது. அடுத்தது இன்னும் சுலபம். 'இருபது ஆண்டு அனுபவம்' என்று கடை பீற்றிக்கொண்டது. அந்த இணையப் பக்கம் எப்போது பதிவானது என்று பாஸ் தேடியபோது அது பிறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பால்பல் முளைக்காத குழந்தைக்கு இருபது வருஷ அனுபவமா என்றார் சில்லறை. பாஸ் சிரித்தாள்.

அப்படியென்றால் விலாசம் மட்டும் ஏன் நிஜம்? அதுதான் அவருக்குப் புரியவில்லை. திருடன் எவனாவது சொந்த வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டுத் திருடுவானா?

பாஸ் சொன்னாள்: போய்ச் சேர்ந்தது என்று மெசேஜ் வந்துவிட்டால் அனுப்பியவர்கள் நிம்மதியாகக் காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருக்கும்போதே பாங்கில் புகார் கொடுத்துப் பணத்தை நிறுத்துகிற கெடு தாண்டிவிடும். அவனுக்குத் துணி வேண்டாம், துணியை வாங்கிக் கையெழுத்துப் போட ஓர் ஆள்தான் வேண்டும். ஆக, அந்த விலாசத்தில் இருப்பவன் கூட்டாளியாக இருக்கலாம், ஏமாந்தவனாகவும் இருக்கலாம்.

"கூட்டாளிதான். ஏமாந்தவன் இத்தனை பார்சலை வாங்கி வச்சு என்ன பண்ணுவான், பாஸ்? ஊறுகாயா போடுவான்?"

அவள் 'எங்கள் தையல்கூடம்' என்று போட்டிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே கடையின் பெயர்ப்பலகை வருகிற இடத்தோடு படத்தை வெட்டியிருந்தார்கள். உள்ளே வரிசை வரிசையாகத் துணிகள் தொங்கின. தையல் மிஷின் ஒன்றுகூட இல்லை, தரையில் ஒரு துண்டு நூல் இல்லை. பாஸ் இன்னும் பெரிதாக்கினாள். ஒவ்வொரு துணியின் கழுத்துப் பட்டியிலும் ஒரு சின்னக் காகிதத் துண்டு குத்தியிருந்தது.

பாஸின் முகம் மாறியது. சில்லறை கவனித்தார், ஆனால் காரணம் பிடிபடவில்லை. என்ன என்று கேட்டதற்கு, கிளம்புங்க அண்ணே என்று மட்டும் சொன்னாள். ஃபிளாஸ்கைக்கூடத் திறக்கவில்லை.

பஸ்ஸில் சில்லறை தன்னாலான மட்டும் முயன்றார். கண்டக்டர் மிச்சம் தராமல் போனதை வைத்து ஒன்று அவிழ்த்துவிட்டார். சாதாரணமாக அதற்குப் பாதி பஸ் சிரிக்கும். பாஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கண்டுபிடித்துவிட்ட கேஸுக்கு யாராவது இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களா? விலாசம் கையில் இருக்கிறது, ஆளைப் போய் அமுக்க வேண்டியதுதானே பாக்கி? பொம்பளை மனசு ஆழம் என்று சும்மாவா சொன்னார்கள் என்று முணுமுணுத்துவிட்டு அவரும் வாயை மூடிக்கொண்டார்.

இறங்கி நடந்து, மருந்துக்கடை தாண்டித் திரும்பியதும் அந்த விலாசம் வந்தது. சில்லறை அண்ணாந்து பலகையைப் பார்த்தார். லாண்டரி.

உள்ளே நீராவி புஸ்புஸ் என்று வந்துகொண்டிருந்தது. சோப்புத்தூள் வாசனை தெருவரைக்கும் அடித்தது. கைகளில் சூட்டுத் தழும்போடு கடைக்காரர் மேஜைக்குப் பின்னால் நின்றார், அவர் மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சில்லறை பாஸின் காதில், என் சட்டையைக் கழற்றிக் கொடுத்து வாடிக்கையாளன் மாதிரி உள்ளே நுழையட்டுமா என்று கிசுகிசுத்தார். பாஸ் நேரே போய்க் கடைக்காரரிடம் போனை நீட்டி, அந்தப் பெண் கொடுத்திருந்த மஞ்சள் கவுனின் படத்தைக் காட்டினாள்.

கடைக்காரர் முகம் விளக்குப் போட்டது மாதிரி மலர்ந்தது. "பார்சல் துணியா! நீங்கதானா எடுக்க வர்ற ஆளுங்க? அப்பாடா, இப்பவாவது வந்தீங்களே. வைக்க இடமில்லாம முழிச்சுட்டு இருக்கேன்."

ஆன்லைனில் துணி எடுக்கிற கம்பெனி என்று சொல்லி ஒருவன் போனில் பேசினானாம். வெளியூர்க்காரர்கள் துணியைக் கூரியரில் அனுப்புவார்கள், நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கித் துவைத்து வையுங்கள், எங்கள் ஆள் மொத்தமாக வந்து எடுத்துக்கொண்டு கணக்கை முடிப்பான் என்றானாம். கடையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னானாம், இவரும் அனுப்பினாராம். சொன்னபடி பார்சல்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர்ச் சீட்டு, வேறு ஒரு வரி கிடையாது. லாண்டரிக்காரருக்கு நம்பர்ச் சீட்டு போதாதா? அதையே கழுத்துப் பட்டியில் குத்திக்கொண்டார்.

பேசிக்கொண்டே உள்ளே போய் ஒரு ஹேங்கரை எடுத்துவந்து மேஜைமேல் பதவிசாகப் படுக்க வைத்தார். கண்ணாடித்தாள் உறைக்குள் மஞ்சள் கவுன். மடிப்புக் கலையாமல், புதுசாகக் கடையில் வாங்கியதுபோல இருந்தது.

"இதுக்குத்தான் ரொம்பப் பாடுபட்டேன். நெஞ்சுல மருந்துக் கறை. பழைய கறை, லேசுல விடலை. வேற யார்கிட்ட குடுத்திருந்தாலும் துணியே போயிருக்கும். நான் விடலையே. எங்கே இருந்துச்சுன்னு இப்பக் கண்டுபிடிங்க பார்ப்போம்?"

சில்லறைக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காகிதத் துண்டுகள், பாஸின் முகம், பஸ்ஸில் அந்த மௌனம் எல்லாம். அவள் படத்தைப் பார்த்த நிமிஷமே புரிந்துகொண்டுவிட்டாள். கவுன் பத்திரமாக இருக்கிறது, அதில் இருந்த குழந்தைதான் போய்விட்டது. ஒரு ஜோக்காவது வந்து தொலையக்கூடாதா என்று பார்த்தார். வரவில்லை.

பாஸ்தான் சொன்னாள். திட்டாமல், நிதானமாக, யார் அனுப்பியது, எதற்காக அனுப்பியது என்று எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்காரர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அப்பவே கேட்டேனே, ஒவ்வொரு பார்சல்லயும் ஒத்தைத் துணிதானே வருது, ஒரு சுவெட்டர், ஒரு போர்வை, ஒரு சின்ன சாக்ஸ், இப்படியா ஊர் உலகத்துல துணி வெளுக்கப் போடுவாங்கன்னு கேட்டேனே என்று புருஷனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"நாங்க துவைக்கிறவங்கம்மா," என்றார் கடைசியில். "துணி வந்தா துவைப்போம். வேற என்ன தெரியும் எங்களுக்கு?"

சில்லறைக்குச் சட்டென்று ஒரு நினைப்பு ஓடியது. கவுன் வந்த அந்த ஜிப் கவர் எங்கே? அதிலாவது கொஞ்சம் மிச்சம் இருக்குமே! கடைக்காரர் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்திருக்கவேண்டும். மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு பார்சல்களை எடுத்தாள். காலையில்தான் வந்தனவாம், இன்னும் பிரிக்கவில்லை. பக்கத்திலேயே கத்தரிக்கோல் கிடந்தது. அவள் பார்சல்களைத் தீயைத் தொடுவதுபோலத் தொட்டுச் சில்லறையின் பக்கம் தள்ளிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினாள்.

பேசியவனுடைய போன் நம்பரைக் கடைக்காரர் கொடுத்தார். பாஸ் அங்கிருந்தே சைபர் போலீஸுக்குப் பேசி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அகப்படுவான், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. சில்லறைக்கு அவனைப் பற்றிய நினைப்பே இல்லை. வெளியே வந்ததும் பாஸை நிறுத்தினார். கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம், அந்தப் பெண் மனசில் அந்தக் கவுன் எங்கேயோ பழையபடியே இருப்பதாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார்.

"கிடைக்கலைன்னு சொன்னா அவங்க ஆயுசு பூரா தேடுவாங்கண்ணே," என்றாள் பாஸ். சில்லறை பார்சல்களை இடுக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.

கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரிலிருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் அந்தப் பெண் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பாஸின் கையிலிருந்த கண்ணாடித்தாள் உறையைப் பார்த்தபோதே அவள் முகத்தில் பாதி உயிர் போய்விட்டது. இருந்தாலும் நப்பாசை யாரை விட்டது? உறையை அவசர அவசரமாகக் கிழித்து, கவுனை வாரி முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

வெகுநேரம் அப்படியே நின்றாள். மறுபடி மறுபடி மூச்சை இழுத்தாள். கழுத்துப் பக்கம், கை மடிப்பு, உள்பக்கத் தையல் என்று ஒவ்வொரு இடமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனை சில்லறை நின்ற இடம்வரைக்கும் வந்தது. அப்புறம் நெஞ்சுப் பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்து, கறை இருந்த இடத்தை விரலால் தடவித் தேடினாள்.

"இதுவும் போயிடுச்சா?"

பாஸ் நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் பவர் பார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் அழாததையும் சேர்த்து வைத்து அழுதாள். சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று கவுனையே வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். சில்லறை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. அவருக்குப் பெரிய எழுத்தே தெரியவில்லை.

"அவங்களைத் திட்டிட்டீங்களா?" என்று கேட்டாள் அவள், கொஞ்சம் அடங்கியதும்.

இல்லை என்றாள் பாஸ்.

"திட்டாதீங்க. கறையை எவ்வளவு பொறுமையா எடுத்திருக்காங்க பாருங்க. அவ இருந்தப்ப நான்கூட இவ்வளவு சுத்தமா துவைச்சுப் போட்டதில்லை."

கவுனை மடியில் வைத்து அவளே நீவிவிட்டு மடித்தாள். குழந்தைத் துணியை மடிக்கிற பழக்கம் கைக்கு மறக்கவில்லை, கவுனின் கைகளை உள்ளே மடக்கி நாலாக மடித்தாள். அப்போதுதான் சில்லறையின் கையிலிருந்த பார்சல்கள் அவள் கண்ணில் பட்டன. அது என்ன என்று கேட்டாள். உங்களை மாதிரியே இன்னும் இரண்டு பேர் அனுப்பியது, நீங்கள் வந்து சொன்னதால் தப்பித்தது, திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்றார் அவர். உள்ளே இருப்பது சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்ததாகவும் சொன்னார். வாயில் வந்ததைச் சொன்னதுதான்.

அவள் எழுந்தேவிட்டாள்.

"வேணாம் சார். பிரிக்கவே பிரிக்காதீங்க. அவங்க கையால அவங்களே பிரிக்கட்டும். பிரிச்சாலே கொஞ்சம் போயிடும்."

சரிம்மா என்றார் சில்லறை.

முதல் பார்சலில் இருந்த விலாசம் ஊரின் மறுகோடி. பாஸ் முன் சீட்டில் உட்கார்ந்தாள், சில்லறை பார்சல்களை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியதும் காற்று உள்ளே அடித்தது. ஒட்டுப்போட்ட அட்டைப்பெட்டிக்குள் காற்று புகாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். புழுக்கம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவர், கொஞ்சம் திறங்களேன் சார் என்றார். எத்தனையோ வருஷம் பஸ்ஸில் ஜன்னல் சண்டைகளைத் தீர்த்துவைத்த மனுஷர் சில்லறை, நூறு பதில் கைவசம் வைத்திருப்பவர்.

"இறங்குறவரைக்கும் பொறுத்துக்குங்க சார்," என்று சொல்லிவிட்டு, பார்சல்களை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.